தூதரகச் செய்தி: எந்த வழியில் கேட்பது, எதை நம்பிக் கிளம்புவது?

2024 செப்டம்பரில் ஒரு மாலை. விசா இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்த பொது மன்னிப்புக் காலம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. நான்கு வீடு தள்ளி இருக்கும் பெண் கைப்பேசியோடு வந்து நின்றாள். "அண்ணே, பாஸ்போர்ட் இல்லாதவர்கள் எல்லோரும் எம்பஸியில் அவுட்பாஸ் வாங்க வேண்டும் என்று வந்திருக்கிறது. அவரை நாளைக்கே போகச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய கணவர் ஷார்ஜாவில் இருந்தார். விசா முடிந்து ஒன்றரை வருடம். கையில் பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனால் மன்னிப்புக் காலத்தில் விசாவைச் சரிசெய்துகொண்டால் வேலை தருவதாக ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார்.

வாட்ஸ்அப்பில் வந்திருந்த செய்தி முழுப் பொய் இல்லை. பாதியைக் காணவில்லை. துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் அந்தச் சமயத்தில் இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தது. ஊர் திரும்ப விரும்புகிறவர் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நம் ஆட்கள் அவுட்பாஸ் என்று சொல்வது இதைத்தான். அங்கேயே இருந்து விசாவைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறவர் குறுகிய காலம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்புவதற்கு மட்டுமான ஒருவழித் தாள். அதை வைத்துக்கொண்டு அங்கே வேலைக்குச் சேர முடியாது. அவர் மறுநாள் அதை வாங்கப் போயிருந்தால், கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறும் வழியில் போயிருப்பார்.

பதினான்கு ஆண்டுகள் வளைகுடாவில் கட்டுமானக் கம்பெனிகளில் டைம்கீப்பராக இருந்தவன் நான். தொழிலாளர் குடியிருப்பான கேம்பில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவன் என்பதால், தூதரகத்திலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் என்னிடம்தான் வரும். ஊர் திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை. "எந்த வழியாக வரும் செய்தியை நம்புவது?" என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாளும் வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. செய்தியை நம்பிச் செய்யப்போகும் காரியத்தைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பேன். மாற்ற முடியாத காரியம் என்றால், மூல அறிவிப்பைக் கண்ணால் பார்க்கும்வரை ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

தூதரக இணையதளத்திலிருந்து தொடங்குகிறேன். நம்மவர்கள் மிகக் குறைவாகப் பார்ப்பது இதைத்தான், எனக்கு மிக அதிகமாக உதவியதும் இதுதான். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தேடுவது கடினம். சில பக்கங்கள் பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். அப்படியிருந்தும், தேதியோடு முழு வாசகத்தோடு ஓர் அறிவிப்பு நிற்கும் இடம் அதுவே. அங்கே படித்ததை அச்செடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய், "இதில் இப்படி இருக்கிறதே" என்று கேட்கலாம். வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி அப்படிக் கேட்க முடியாது.

ஒருமுறை எங்கள் கேம்பில் ஒருவர் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். கம்பெனி கையை விரித்தது. உடலை ஊருக்கு அனுப்ப அறை அறையாகப் போய் வசூல் செய்தோம். மாதம் முழுவதும் வேலை செய்து வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருப்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. 2009இல் தொடங்கப்பட்டது. கதியற்று நிற்பவருக்கு விமான டிக்கெட், தற்காலிகத் தங்குமிடம், சட்ட உதவி, அவசர மருத்துவம், வேறு வழி இல்லாதபோது இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்குத் தூதரகம் இதிலிருந்து செலவிடலாம். இதன் விதிகள் தூதரக இணையதளத்தில் எந்த நாளும் இருந்தவை. அவசரமாக யாரும் பகிராத செய்தி அது. ஆனால் அன்று எங்களுக்கு அதைவிட வேண்டிய செய்தி வேறொன்றுமில்லை. அந்தப் பக்கத்தை முன்பே படித்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இணையதள அறிவிப்பைப் படிப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். தூதரகங்கள் கத்திப் பேசுவதில்லை. ஒரு சொல்லை மாற்றுவதன் மூலம் அவசரத்தைக் கூட்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் தலைநகர் கீவிலிருந்த இந்தியத் தூதரகம் வெளியிட்டவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். 15ஆம் தேதி, தங்கவேண்டிய அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றது. 20ஆம் தேதி, வெளியேறுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள் என்றது. 22ஆம் தேதி, ஆன்லைன் வகுப்பு பற்றிப் பல்கலைக்கழகம் உறுதிசெய்யட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றது. 24ஆம் தேதி போர் தொடங்கிவிட்டது. "யோசிக்கலாம்" என்ற சொல்லையே கிளம்பச் சொன்னதாக எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டவர்களுக்கு ஒன்பது நாள் கிடைத்தது. வகுப்பையும் கட்டிய கட்டணத்தையும் நினைத்துத் தயங்கிய பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. விமானக் கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. இனி அப்படி ஒரு அறிவிப்பு வந்தால், முந்தைய அறிவிப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் குண்டு விழும் நாளில் இணையதளத்தைத் திறந்துகொண்டிருக்க முடியாது. அப்போது எக்ஸ் தளத்துக்கு ஈடு இல்லை. அதே ஆண்டு மார்ச் 2ஆம் தேதி கார்கிவ் நகரிலிருந்த இந்தியர்களுக்கு, உடனே நகரைவிட்டு வெளியேறுங்கள், வாகனம் கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள், பெசோச்சின், பபாயே, பெஸ்லியுதோவ்கா ஆகிய இடங்களை மாலை ஆறு மணிக்குள் அடையுங்கள் என்று தூதரகம் எக்ஸில் (அன்று அதன் பெயர் ட்விட்டர்) அறிவித்தது. மூன்று இடங்களும் எவ்வளவு தூரம் என்பதும் அதிலேயே இருந்தது: 11, 12, 16 கிலோமீட்டர். யாருக்கு, எங்கே, எத்தனை மணிக்குள், எப்படி என்ற நான்கும் ஒரே அறிவிப்பில் அடங்கியிருந்தன. அன்று அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து நண்பர் மூலம் கேள்விப்பட்டவர்களுக்கும் இருந்த வித்தியாசம், நடக்கக் கிடைத்த பகல் வெளிச்சம்.

எக்ஸில் எனக்குள்ள பயம் வேறு. கணக்கு உண்மையானது என்பதற்கு அடையாளமாக இருந்த நீலக்குறி, 2022 நவம்பருக்குப் பிறகு காசுக்குக் கிடைக்கிறது. தூதரகத்தின் பெயரையும் படத்தையும் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு கணக்கு தொடங்கி நீலக்குறி போட்டுக்கொள்ளலாம். அரசு அமைப்புகளுக்கென்று கொடுக்கப்படும் சாம்பல் நிறக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடச் சுலபமான வழி, தூதரக இணையதளத்தைத் திறந்து அங்கிருக்கும் இணைப்பு வழியாகவே அந்தக் கணக்குக்குப் போய்ப் பின்தொடர்வது. ஒருமுறை செய்தால் போதும். இந்தியத் தூதரக இணையதளங்களின் முகவரி பொதுவாக "ஜிஓவி.இன்" (gov.in) என்று முடியும், அதையும் கவனியுங்கள். இன்னொரு குறை, எக்ஸில் வருவது விரைவில் கீழே போய்விடும். மூன்று வாரத்துக்கு முந்தைய அறிவிப்பைத் தேடினால் கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் தேதி வெட்டப்பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே எல்லைக் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அமீரகத்தில் அபுதாபியில் தூதரகம் இருக்கிறது, துபாயில் துணைத் தூதரகம் இருக்கிறது. அபுதாபியும் அல் ஐனும் முன்னதைச் சேர்ந்தவை. ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, புஜைரா, உம் அல் குவைன் எல்லாம் துபாயைச் சேர்ந்தவை. சவூதியில் ரியாத்துக்கும் ஜித்தாவுக்கும் இதே பிரிவு உண்டு. ஒன்று வெளியிட்ட சேவை முகாம் தேதியைப் பார்த்துவிட்டு மற்றதன் எல்லையில் இருப்பவர் விடுப்பெடுத்து, டாக்சிக்குப் பணம் கொடுத்துப் போய், திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சம்பளம் அவ்வாறு போவதைப் பார்ப்பது எளிதல்ல.

தொலைபேசி உதவி எண் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அதுவே முதல் வழி. துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூர் போன்ற இடங்களில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையங்கள் இருக்கின்றன. அழைக்கும்போது பாஸ்போர்ட் எண், இக்காமா அல்லது சிவில் ஐடி (அந்த நாட்டில் தங்குவதற்கான அடையாள அட்டை) எண், கம்பெனியின் பெயர், கேம்ப் இருக்கும் இடம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் நல்லவராக இருந்தாலும் எதுவும் செய்ய முடியாது. 2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தபோது தூதரகம் அன்றே உதவி எண்ணை அறிவித்தது. இறந்த இந்தியர்கள் நாற்பத்தைந்து பேருக்குக் குறையாது. அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். அப்படி ஒரு நாளில் ஊரில் இருப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, அவர் எந்தக் கட்டடத்தில் தங்கியிருந்தார் என்பதுதான். எத்தனை மனைவிமாருக்கு அது தெரியும்?

தூதரகம் அழைப்பதாகச் சொல்லி வரும் போன் வேறு விஷயம். தூதரக எண்ணே திரையில் தெரியும்படி மோசடிக்காரர்கள் அழைப்பது உண்டு. வாஷிங்டன் இந்தியத் தூதரகம் 2018இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பணமோ கார்டு எண்ணோ கேட்டால் வைத்துவிட்டு, இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள்.

ஓபன் ஹவுஸ் எனப்படும் நேர்முகக் குறைகேட்பு நாளைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன், தனிப்பட்ட பிரச்சினை என்றால். பொது அறிவிப்பில் உங்கள் கதை இருக்காது. சம்பளம் ஆறு மாதம் பாக்கி, பாஸ்போர்ட் முதலாளியிடம், அதற்கு மேல் கபீல் (விசா கொடுத்த முதலாளி) ஹுரூப், அதாவது ஆள் ஓடிவிட்டார் என்ற புகார், கொடுத்துவிட்டார் என்று மூன்று முடிச்சு விழுந்திருக்கும்போது, எதிரில் உட்கார்ந்து தாள்களைப் பார்க்கும் ஓர் அதிகாரி வேண்டும். தூதரகங்கள் குறிப்பிட்ட நாட்களில் இதை நடத்துகின்றன; தேதி இணையதளத்திலும் சமூக ஊடகத்திலும் வரும். ஆங்கிலமும் இந்தியும் பேச வராது என்ற கூச்சத்தால் போகாமல் இருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்குச் சமூக அமைப்புகளின் தன்னார்வலர்கள் வருவார்கள். கத்தாரில் தூதரகத்தின் அரவணைப்பில் இயங்கும் இந்தியச் சமூக நல மன்றமும் பஹ்ரைனில் இந்தியச் சமூக நிவாரண நிதியும் இத்தகையவை. அவர்களிடையே ஒரு தமிழர் இருப்பார். தேடிப் பிடியுங்கள்.

அங்கே சொன்னதை எழுத்தில் பதிவுசெய்ய "மதத்" என்ற இணையதளம் இருக்கிறது. 2015இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கியது. செய்தி நமக்கு வரும் வழிகளைப் பற்றிப் பேசும்போது இதை எதற்குச் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். நமது சிக்கலில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி வேறெங்கும் வராது என்பதால்தான். புகாருக்கு எண் கிடைக்கும், நிலையைப் பார்க்கலாம், ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் பதிவுசெய்யலாம். கைதாகியிருப்பவர் விஷயத்தில் இது மிக முக்கியம். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர் கேட்காமல் விட்டிருந்தாலும் வெளியே இருப்பவர் "மதத்" தளத்தில் பதிவுசெய்தால் தூதரகத்துக்குத் தெரிந்துவிடும்.

இனி வாட்ஸ்அப் குழுக்கள். படித்தவர்கள் பலர் இவற்றைக் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தூதரகம் தமிழில் பேசாதபோது தமிழில் பேசியது இந்தக் குழுக்கள்தான். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருபவர் ஆங்கிலப் பக்கத்தைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. முகாம் எங்கே, எந்த பஸ் பிடிக்க வேண்டும், எத்தனை புகைப்படம் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் நேற்றுப் போய்வந்தவர் சொல்வதுபோல் எந்த அறிவிப்பும் சொல்லாது. ஆனால் மொழிபெயர்க்கும்போது ஒரு நிபந்தனை விழுந்துபோகும், தேதி விழுந்துபோகும். அமீரகப் பொது மன்னிப்பையே பாருங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை என்று அறிவித்தார்கள். முடியும் தறுவாயில்தான் டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். 2018 மன்னிப்பிலும் அப்படியே, அக்டோபர் இறுதி என்றது டிசம்பர் இறுதிவரை போனது. ஆக, "எப்படியும் நீட்டிப்பார்கள்" என்று ஒரு குழுவிலும், "முடிந்துவிட்டது, இனிப் பிடிப்பார்கள்" என்று இன்னொரு குழுவிலும் ஒரே நாளில் செய்தி சுற்றியது. இரண்டையும் நம்பி முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கே, எப்போது என்ற வழிச் செய்திக்குக் குழுவை நம்பலாம். என்ன விதி என்பதற்கு நம்பக் கூடாது.

விதி என்று வரும்போது தூதரகமும்கூட மூலம் இல்லாத இடங்கள் உண்டு. மன்னிப்பு கொடுப்பது அந்த நாட்டு அரசு. நம் தூதரகம் அதை நமக்குச் சொல்கிறது, நம் தாள்களைத் தயார்செய்து தருகிறது. அபராதத்தைத் தள்ளுபடிசெய்யவோ காலக்கெடுவை நீட்டவோ அதனால் முடியாது. காலக்கெடு பற்றிச் சந்தேகம் இருந்தால் அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் அறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழ் நாளிதழும் தொலைக்காட்சியும் பெரிய நிகழ்வுக்கு நல்லவை, விண்ணப்ப விவரத்துக்குப் போதாதவை. சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் தூதரகம் இல்லை என்றாலும், தமிழிலேயே பேசி, தமிழிலேயே மனு கொடுக்கக்கூடிய ஓர் அரசு அலுவலகம். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு வாசல் இல்லை. மங்காஃப் தீ விபத்தின்போது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கான உதவி எண்களை மாநில அரசும் அறிவித்தது.

ஆகவே யாருக்கு எது? கேம்பில் இருக்கும் தொழிலாளி எல்லா வழிகளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு உதவி எண்ணும், அடுத்த ஓபன் ஹவுஸ் தேதியும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரு நண்பரும் போதும். அந்த நண்பர் இணையதளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு எக்ஸ் கணக்கு கட்டாயம். போய்ச் சேர்ந்த வாரமே தூதரகத்தில் தன் பெயரைப் பதிவுசெய்துகொள்ளவும் வேண்டும். ஊரில் இருக்கும் மனைவியோ அண்ணனோ "மதத்" தளத்தையும் சென்னை ஆணையரகத்தையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் கிளம்பாதவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் விற்கப்பட்ட இளைஞர்களைப் பற்றி 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. கம்போடியா, லாவோஸ் தூதரகங்களும் எச்சரித்தன. அந்த எச்சரிக்கைகள் இருந்த இடம், பிள்ளைகள் இன்னும் போய்ச் சேராத நாட்டின் தூதரகப் பக்கம். விசா வாங்குவதற்கு முன்பே, போகப்போகும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் இணையதளத்தைத் திறந்து கடைசி ஆறு மாத அறிவிப்புகளைப் படித்துவிடுங்கள். ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். வீட்டை அடகுவைத்துக் கட்டும் பணத்துக்கு ஒரு மணி நேரப் படிப்பு அதிகம் இல்லை.

தூதரகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறிவிப்பின் தலைப்பிலேயே தேதியையும், எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பொது மன்னிப்பு போன்ற நேரத்திலாவது தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம் ஆகிய மொழிகளில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அது இருந்திருந்தால் நான்கு வீடு தள்ளி இருக்கும் அந்தப் பெண் என்னிடம் வந்திருக்கத் தேவையில்லை.

அன்று இரவு இருவரும் துணைத் தூதரகத்தின் அறிவிப்பை வரி வரியாகப் படித்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் அதைக் குரல் பதிவாகக் கணவருக்கு அனுப்பினாள். அவர் குறுகிய காலப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பித்தார். இப்போது அவர்கள் வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் அவருடைய பாஸ்போர்ட் எண், எமிரேட்ஸ் ஐடி எண், தங்கியிருக்கும் கட்டடத்தின் பெயர், துபாய் துணைத் தூதரகத்தின் உதவி எண், சென்னை ஆணையரகத்தின் எண் எல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கின்றன.